இருபது சதவீதம் எங்கே போச்சு?

உங்கள் கம்ப்யூட்டரின் இன்டர்நெட் வேகத்தில் 20 சதவீதத்தை மைக்ரோஸாஃப்ட் தனக்கென்று ரகசியமாகப் பதுக்கி வைத்திருக்கிறது. இன்னின்ன இடத்தில் க்ளிக் செய்து அந்த 20-ஐப் பூஜ்யமாக்கினால் நெட் பறக்கும் - இப்படி ஒரு செய்தி 20 வருஷத்துக்கும் மேலாக உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் ஈ-மெயிலில் வந்தது. அப்புறம் 'கம்ப்யூட்டர் டிப்ஸ்' பகுதிகளில் வந்தது. இப்போது வாட்ஸப்பில் வருகிறது. பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ரத்தம் கக்கிச் சாவீர்கள் என்று மட்டும்தான் போடவில்லை.

இந்த வதந்தியின் ஜாதகம் இதுதான். 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. அதற்குள்ளே, சாதாரண ஜனங்கள் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், 'க்யூஓஎஸ் பாக்கெட் ஷெட்யூலர்' என்று ஒரு சமாசாரம். 'ரிஸர்வ் செய்யக்கூடிய அளவுக்கு உச்சவரம்பு' என்று ஒரு வரி, பக்கத்தில் 20 சதவீதம் என்று ஒரு விளக்கம். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பார்த்துவிட்டு, "அகப்பட்டான்யா திருடன்!" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். 'செய்யக்கூடிய' என்ற வார்த்தையை அவர் படித்த மாதிரித் தெரியவில்லை.

விஷயம் ரொம்ப எளிது. அண்ணா சாலையில் ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறோம். அதற்காக ஆம்புலன்ஸ் வராத நேரத்திலும் ரோட்டில் ஐந்தில் ஒரு பங்கை காலியாகப் போட்டு வைக்கிறோமா என்ன? அதே கதைதான். ஏதாவது ஒரு ப்ரோக்ராம் 'எனக்கு முன்னுரிமை வேண்டும்' என்று வாய்விட்டுக் கேட்டால்தான் அந்த ஒதுக்கீடே அமலுக்கு வரும். கேட்டுவிட்டு அது சும்மா இருந்தால், அந்தப் பங்கையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தவிர, இந்த ஷெட்யூலர் கவனிப்பது உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகிற சரக்கை. நீங்கள் சினிமா இறக்குவது உள்ளே வருகிற சரக்கு. அதற்கும் இதற்கும் ஸ்நானப் ப்ராப்தி கூடக் கிடையாது.

மைக்ரோஸாஃப்டே ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டு, 20 சதவீதக் கதை தப்பு, முழு வேகமும் எல்லா ப்ரோக்ராம்களுக்கும் பொதுதான் என்று சொல்லிப் பார்த்தது. யார் நம்புவார்கள்? திருடனே 'நான் எடுக்கலை' என்றால் ஊர் என்ன சொல்லுமோ அதைத்தான் உலகமும் சொன்னது.

எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் நண்பர் ஒருவர் இந்த விஷயத்தில் தீவிரவாதி. ஒரு நாள் லஞ்ச் டயத்தில் பரவசமாக வந்தார்.

"ஸார், மாத்திட்டேன் ஸார். நெட்டு பிச்சுக்கிட்டுப் போவுது!"

"எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுது ஸார்."

"சரி, மறுபடி பழையபடி மாத்திப் பாருங்களேன். வேகம் குறைஞ்சா நீங்க சொல்றது நிஜம்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்கு ஸார் நோண்டணும்?"

இந்த ஒரு பதிலில்தான் உலகத்திலுள்ள அத்தனை தாயத்துகளும் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. கட்டின தாயத்தை யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை.

*

ஆனால் நண்பர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வேகமாகத்தான் தெரிந்திருக்கும். ஏன் என்று யோசித்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது.

இந்த வகை டிப்ஸ்களை ஊன்றிப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் கடைசி வரி 'இப்போது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யவும்' என்பதாக இருக்கும். பத்து நாளாக அணைக்காமல், முப்பது ஜன்னல் திறந்து வைத்து, நாக்குத் தள்ளிக்கொண்டிருந்த மெஷினை அணைத்துப் போட்டால் அது கொஞ்சம் சுறுசுறுப்பாகத்தான் எழுந்திருக்கும். மந்திரவாதி தாயத்தும் கட்டிவிட்டு, மூன்று வேளை கஞ்சி குடித்து ரெஸ்ட் எடுக்கவும் சொல்வார். காய்ச்சல் இறங்கினால் பெயர் தாயத்துக்கு.

இரண்டாவது, நாம் சோதிக்கிற லட்சணம். மாற்றுவதற்கு முன் ஒரு பக்கத்தைத் திறக்கிறோம். மாற்றிய பின் அதே பக்கத்தைத் திறக்கிறோம். முதல் தடவை வந்த படங்களையெல்லாம் ப்ரௌஸர் தன் கிடங்கில் எடுத்து வைத்திருக்கும். இரண்டாம் தடவை கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. வேகம் கூடாமல் என்ன செய்யும்?

மூன்றாவது, நேரம். ராத்திரி எட்டரை மணிக்கு தெருவே கிரிக்கெட்டும் சினிமாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நெட் தவழ்கிறது. நம்ம ஆள் வெறுத்துப் போய் ரெஜிஸ்ட்ரியைக் குடைய ஆரம்பித்து, முடிக்கும்போது மணி ஒன்றரை. தெரு தூங்கிவிட்டது. நெட் ஓடுகிறது. 'ஜெயிச்சுட்டேன்!'

*

எல்லாமே புரளி என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தாத்தா காலத்தில் இதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

1995 ஆகஸ்ட் 15-ம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை ஆரம்பித்தது. சரியாக ஒன்பது நாள் கழித்து, 24-ம் தேதி, விண்டோஸ் 95 வெளியானது. டெலிபோன் லைனில் மோடம் கீச்சுக்கீச்சென்று கத்திக் கனெக்ஷன் கிடைத்த காலம்.

இன்டர்நெட்டில் எந்தத் தகவலும் மொத்தமாகப் போகாது. சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டித்தான் அனுப்புவார்கள். ஒரு பொட்டலம் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்பதுதான் எம்.டி.யு. என்கிற எண். விண்டோஸ் 95 ஆபீஸ் நெட்வொர்க்குக்கு ஏற்ற 1500 பைட் மூட்டையை வைத்துக்கொண்டிருந்தது. வழியில் சில இடங்களில் 576 பைட் சந்துகள் இருந்தன. லாரி சந்துக்குள் நுழையாமல், சரக்கை இறக்கி, சின்ன வண்டிகளில் ஏற்றி... தாமதம்தான். அப்போது ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து 1500-ஐ 576 ஆக்கியவர்களில் சிலருக்கு நிஜமாகவே பலன் கிடைத்தது.

விண்டோஸ் 98-லேயே இந்த வேலையை மெஷின் தானாகச் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆனால் டிப்ஸ் சாகவில்லை. பிராட்பேண்ட் வந்த பிறகும் 576, 576 என்று ஜபித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர், பெறுநர் விவரம் எழுத வழக்கமாக 40 பைட் போய்விடும். 1500 பைட்டில் 40 போனால் விரயம் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. 576-ல் 40 போனால் ஏறக்குறைய ஏழு சதவீதம். ஆக, சந்தே இல்லாத ஊரில் சின்ன வண்டியில் சரக்கு அனுப்பியவர் வேகத்தைக் கூட்டுகிறேன் என்று நாலு சதவீதத்தைக் கைக்காசு போட்டுத் தொலைத்தார்.

அதே 1995-ல் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 'ஸாஃப்ட்ராம் 95' என்று ஒரு ப்ரோக்ராம் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. கம்ப்யூட்டரின் மெமரியை இரண்டு மடங்காக்கும் என்றார்கள். பிரித்து மேய்ந்து பார்த்தால், விண்டோஸ் 95-ல் அது மெமரியைத் துளிகூடக் கூட்டவில்லை. அமெரிக்க அரசின் வர்த்தக கமிஷன் தலையிட்டு 1996-ல் விவகாரத்தை முடித்தது. அதற்கு முன் வாங்கியவர்களில் 'ஆமாம், வேகமாகத்தான் இருக்கு' என்று சொன்னவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். காசு கொடுத்தாயிற்றே!

*

பலன் தராத வைத்தியத்தை விட மோசமானது, நோயைக் கூட்டுகிற வைத்தியம். அதற்கும் உதாரணம் உண்டு.

விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரியில் கடைக்கு வந்தது. கூடவே ஒரு மந்திரமும் வந்தது: கறுப்பு ஜன்னலில் 'நெட்ஷ்' என்று தொடங்கி ஒரு கட்டளை அடித்து, 'ஆட்டோ ட்யூனிங்' என்பதை நிறுத்திவிடுங்கள், நெட் பறக்கும்! இன்றைக்கும் இதைச் செய்யச் சொல்கிற வீடியோக்கள் உண்டு.

ஆட்டோ ட்யூனிங் என்ன செய்கிறது? அனுப்புகிறவர் கொஞ்சம் சரக்கை அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்ற ரசீதுக்குக் காத்திருப்பார். ரசீது வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்பதை, தூரத்தையும் குழாயின் அகலத்தையும் பார்த்துக் கூட்டிக் குறைப்பதுதான் அதன் வேலை. அதை நிறுத்தினால் அளவு சுமார் 64 கிலோபைட்டில் நின்றுவிடும்.

இப்போது சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு வானத்தில் நேர்கோடு போட்டாலே சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் வெளிச்சம் விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வரக் குறைந்தது 0.135 விநாடி. கடலடியில் கேபிள் நேராகப் போவதில்லை, வழியெல்லாம் ஜங்ஷன்கள். கால் விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஆக, ஒரு விநாடிக்கு நாலே நடை. நடைக்கு 64 கிலோபைட். நாலு நடைக்கு 256 கிலோபைட். பிட் கணக்கில் சுமார் இரண்டு மெகாபிட்.

புரிகிறதா? 100 மெகாபிட் கனெக்ஷனுக்கு மாதாமாதம் காசு கட்டுகிற மகானுபாவர், அந்த மந்திரத்தை ஜபித்தால், அமெரிக்காவிலிருந்து ஒற்றை இணைப்பில் ஒரு ஃபைல் இறக்கும்போது அவருக்குக் கிடைப்பது இரண்டு. குறைந்தபட்சம் இரண்டு மெகாபிட் இருந்தால்தான் அதற்கு பிராட்பேண்ட் என்றே பெயர் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வரையறுத்தது. அந்த வரம்பின் விளிம்பில் போய்த் தானாகவே உட்கார்ந்துகொள்கிறார். (இதிலும் ஒரு துளி உண்மை இருந்தது. அந்த நாளைய சில பழைய ரூட்டர்கள் இந்த விஸ்தாரமான ஏற்பாட்டைப் பார்த்துக் குழம்பின. அவர்களுக்கு நிறுத்தினால் பிழைப்பு ஓடியது. ஒருவருடைய மருந்துச் சீட்டை ஊரே சாப்பிட்டதுதான் தப்பு.)

*

அடுத்து டி.என்.எஸ். மாற்றுவது. நாம் பெயர் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுக்கிற டெலிபோன் டைரக்டரிதான் டி.என்.எஸ். கூகுள் 2009 டிசம்பரில் 8.8.8.8 என்ற டைரக்டரியையும், க்ளவுட்ஃப்ளேர் 2018 ஏப்ரல் முதல் தேதி 1.1.1.1 என்பதையும் இலவசமாகத் திறந்தன. (ஆமாம், ஏப்ரல் ஒன்று. விளையாட்டில்லை.) மாற்றலாம், தப்பில்லை. உங்கள் கம்பெனியின் டைரக்டரி மந்தமாக இருந்தால், பக்கம் திறக்க ஆரம்பிப்பது கொஞ்சம் சுருக்காக நடக்கும். ஆனால் நம்பரைச் சீக்கிரம் கண்டுபிடித்ததால் பேச்சு வேகமாகிவிடுமா? டவுன்லோடு அதே வேகம்தான்.

கவலைப்பட வேண்டியது வேறு. யாரோ ஒருவர் 'பூஸ்டர்' என்று ஒரு ஃபைலைக் கொடுத்து, 'இதை ஓட்டுங்கள், எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்' என்கிறாரே, அங்கேதான் வயிற்றில் புளி கரைய வேண்டும். டைரக்டரியைத் திருடன் அச்சடித்தால் என்ன ஆகும்? நீங்கள் பாங்க் நம்பர் கேட்பீர்கள், அவன் தன் வீட்டு நம்பரைக் கொடுப்பான். கற்பனை இல்லை. 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற தீய நிரல் உலகம் முழுக்க சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டைரக்டரியை ரகசியமாக மாற்றி வைத்திருந்தது. 2011 நவம்பரில் எஃப்.பி.ஐ. சொல்லி எஸ்டோனியாவில் ஆறு பேரைப் பிடித்தார்கள். கள்ள டைரக்டரியை உடனே மூடினால் லட்சக்கணக்கான அப்பாவிகளுக்கு நெட்டே போய்விடும் என்பதால், அதன் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள்.

எங்கள் குடியிருப்பில் எதிர் ஃப்ளாட் பையன் ஒருவன். பி.காம். முடித்து ஒன்றரை வருஷம் வேலை தேடி அலைந்து, ஒருவழியாக வீடியோவில் இன்டர்வியூ வந்தது. திங்கள் காலை பத்தரை மணி. ஞாயிறு ராத்திரி பதற்றத்தில் ஒரு 'ஸ்பீட் பூஸ்டரை' இறக்கி ஓட்டியிருக்கிறான். திங்கள் காலை ஒன்பதரைக்கு லாப்டாப்பில் நெட் சுத்தமாக இல்லை. வியர்த்து விறுவிறுத்துக் கதவைத் தட்டினான்.

"அங்கிள், எல்லாம் போச்சு அங்கிள்!"

"உங்கம்மா ஃபோன் இருக்கா? அதுல பேசு. லாப்டாப்பை அப்புறம் பார்க்கலாம்."

நாலு தடியான புத்தகத்தை அடுக்கி, அதன்மேல் அம்மா ஃபோனைச் சாய்த்து வைத்து, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பேசிமுடித்தான். சாயந்திரம் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ரூட்டர் எங்கே என்றேன். "பார்க்க அசிங்கமா இருக்குன்னு பீரோவுக்குப் பின்னாடி வெச்சிருக்கோம்" என்றார் அவன் அம்மா. இரும்பு பீரோ! வைஃபை அலை மரக்கதவைத் தாண்டும், செங்கல் சுவரை முக்கி முனகித் தாண்டும். இரும்பை எங்கே தாண்டுவது? ரூட்டரைத் தூக்கி ஹாலில் ஷெல்ஃப் மேல் வைத்தோம். ஆறு மாதமாக அவன் ரெஜிஸ்ட்ரியில் தேடிக்கொண்டிருந்த வேகம் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. லாப்டாப்பை மட்டும் துடைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அந்த பூஸ்டர் உள்ளே வேறு என்னவெல்லாம் செய்ததோ, யாருக்குத் தெரியும்? எல்லா பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன்.

*

சரி, என்னதான் செய்வது என்கிறீர்களா? செலவில்லாத நாலு காரியம் சொல்கிறேன்.

ஒன்று, முதலில் கணக்கைச் சரிபாருங்கள். கனெக்ஷன் விற்பவர் சொல்கிற எம்.பி.பி.எஸ். மெகாபிட். டவுன்லோடு ஜன்னலில் பல சமயம் தெரிவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 100-க்குப் பணம் கட்டியவருக்கு 12.5 வந்தால் அது திருட்டு இல்லை, வகுத்தல். இங்கிலீஷில் சின்ன பி, பெரிய பி என்று வித்தியாசம் காட்டுகிறார்கள். தமிழில் எல்லாம் ஒரே 'பி'. டாக்டர் படிப்பும் அதே எம்.பி.பி.எஸ்.தான்! குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டு, லாப்டாப்பை ஒரு கேபிள் போட்டு நேராக ரூட்டரில் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் இல்லையென்றால், குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். கம்பெனிக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கேபிளிலும் இல்லையென்றால், திட்டலாம். அளந்த எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு திட்டினால் இன்னும் மரியாதையாகக் கேட்பார்கள்.

மூன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மார்க்கெட் ரோடு மாதிரி. பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே ரோட்டில்தான். உங்கள் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால், பக்கத்தில் உட்காரும்போது அதற்கு மாறுங்கள். வேகம் அதிகம், தூரம் குறைச்சல்.

நாலு, 300 மெகாபிட் வாங்கியும் கேபிளில் 95-க்கு மேல் நகரவே இல்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே நாலு ஜோடிக் கம்பி இருக்க வேண்டும். கிகாபிட் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் பல சமயம் இரண்டு ஜோடியோடு 100-க்கு இறங்கிவிடும். ஸாஃப்ட்வேரில் எந்தப் பக்கம் க்ளிக் செய்தாலும் அறுந்த கம்பி ஒட்டாது.

ரூட்டருக்குப் பின்னால் அலுமினிய ஃபாயில் வைக்கிற டிப்ஸைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். அதில் சங்கதி இருக்கிறது. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் கணக்குப் போட்டு வளைத்த ஒரு தகட்டில் உலோகத்தைச் சுற்றி, வைஃபை அலையை வேண்டிய பக்கம் திருப்பிக் காட்டினார்கள். ஆனால் ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறையும். சாப்பாட்டுப் பொட்டல ஃபாயிலைக் கசக்கிச் செருகினால் உங்கள் ரூமுக்குக் கிடைப்பது அப்பா ரூமிலிருந்து போகலாம். அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல.

இவ்வளவு சொல்லியும், 'இல்லை ஸார், என் கம்ப்யூட்டரில் நிஜமாகவே வேகம் கூடியது' என்பவர்களுக்கு ஒரு பரீட்சை. ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள். நீங்கள் ரூமை விட்டு வெளியே போய்விடுங்கள். அவர் காசு சுண்டிப் போடட்டும். தலை விழுந்தால் அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும், பூ விழுந்தால் பழையபடி வைக்க வேண்டும். இரண்டிலும் ரீஸ்டார்ட் கட்டாயம். பிறகு நீங்கள் வந்து நெட்டை ஓட்டிப் பார்த்து, மாற்றம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டாலும் ஆட்சேபம் இல்லை. மொத்தம் பத்து தடவை. ஐந்தாறு தடவை சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டம். ஒன்பது தடவை சரியாகச் சொன்னால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். நானும் மாற்றிக்கொள்கிறேன்.